பாமினியா, தமிழ்99ஆ?

மட்டக்களப்புக் கல்லடியில் தட்டச்சுப் பழகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இதைத்தான். இரண்டும் கணினியில் தமிழ் அடிக்கும் விசை அமைப்புகள்; பாமினி என்ற பெயரில் எழுத்துருவும் உண்டு.

விசைகள்: ‘அம்மா’வுக்குப் பாமினியில் 5, தமிழ்99இல் 4, இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானாகவே விழும். ‘கொ’வுக்குப் பாமினியில் கொம்பு, க, கால் என்று 3, மற்றதில் க, ஒ என்று 2 போதும்.

கைவாகு: தமிழ்99இல் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். கைகள் மாறி மாறி ஓடும் சுகம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாமினி பழைய தட்டச்சுப்பொறியின் வழி வந்தது. கண்ணில் தெரியும் வரிசையில் அடிக்க வேண்டும்.

செலவு: இரண்டுக்கும் கணினியில் இருக்கும் அதே விசைப்பலகைதான்.

ஒன்று கவனியுங்கள், பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே இணையத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மட்டக்களப்பில் அச்சகத்திலோ கந்தோரிலோ வேலை தேடுகிறீர்களா? சரி, பாமினி பழகுங்கள். புதிதாகத் தொடங்கி நிறைய எழுதப்போகிறவருக்குத் தமிழ்99.