தனிப் பாடமா, கரைத்த பாடமா, தேத்தண்ணீர்க் கோப்பையா?

உளவளத்துணை பயிலும் பிள்ளைகளுக்குப் பண்பாட்டு வேற்றுமையையும் சமூக நீதியையும் எப்படிக் கற்பிப்பது? யாழ்ப்பாணத்தில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தனிப் பாடமாக வை என்பார் ஒருவர். எல்லாப் பாடங்களிலும் கரைத்துவிடு என்பார் இன்னொருவர். வகுப்பைப் பூட்டிவிட்டு ஊருக்குள் அனுப்பு என்பார் மூன்றாமவர். மூன்றையும் செய்து பார்த்தவன் என்பதால் என் கணக்கைச் சொல்கிறேன்.

தனிப் பாடத்தின் பலம் நேரசூசி. அதில் இடம்பிடித்ததை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. பரீட்சையில் கேள்வி வரும் என்றால் பிள்ளைகளும் படிப்பார்கள். படிக்கவும் நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் டெரால்ட் விங் சூவும் கூட்டாளிகளும் 1982இல் வகுத்த, உளவளத்துணையாளருக்கு வேண்டிய மனப்பாங்கு, அறிவு, திறன் என்ற முப்பிரிவு. டெர்வலோனும் மரே-கார்சியாவும் 1998இல் முன்வைத்த பண்பாட்டுப் பணிவு, அதாவது மற்றவர் பண்பாட்டைத் தெரிந்துமுடித்துவிட்டோம் என்று எண்ணாமல் தன்னையே கேள்வி கேட்டுக் கற்றுக்கொண்டிருப்பது. நம் பக்கத்தில் சாதியைக் காட்டி மறிப்பதைக் குற்றமாக்கிய 1957இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழையக் கேட்ட மாவிட்டபுரத்து ஆலயப் பிரவேசப் போராட்டம், 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்கு வந்த மலையகத் தமிழர், 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள்.

ஆனால் இதைப் பிள்ளைகள் மற்றவர்களைப் பற்றிய பாடமாகவே படிக்கிறார்கள். முஸ்லிம்கள் இப்படி, மலையகத்தவர் அப்படி என்று பட்டியல் போட்ட விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக வரும். இங்கே ஆதிக்க சாதியான வெள்ளாளர் இப்படி என்று எழுதிய ஒரு தாள் இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

கரைத்துக் கற்பிப்பது நன்றாக அமைந்தால் அதற்கு ஈடில்லை. இழப்பும் துயரமும் பற்றிய வகுப்பில் ஒருநாள் நடிப்புப் பயிற்சி. துணைநாடி வந்தவராக நடித்த மாணவி, கணவர் காணாமலாக்கப்பட்ட பெண். எதிரே இருந்த பையன் மிகுந்த பரிவோடு தொடங்கினான்: "அம்மா, கணவர் காலமாகி எத்தனை வருடம்?" அவள் பதில் சொல்லவில்லை. விரலை நெற்றிக்குக் கொண்டுபோய்க் குங்குமத்தைத் தொட்டுக் காட்டினாள். வகுப்பே அடங்கிவிட்டது. இறந்துவிட்டார் என்று யாரும் இன்னும் சொல்லாத ஒருவருக்காக அழுவதா, காத்திருப்பதா?

அதோடு அது முடியவில்லை. அந்தப் பெண்ணின் சீதனக் காணியை விற்க வேண்டுமென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும். மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாதவர்கள் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் பெறலாம் என்று 2016இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. மூச்சுப்பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பும் துயரமா இது? சமூக நீதி என்று கரும்பலகையில் எழுதாமலே அன்றைக்கு அது வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

என்றாலும் கரைப்பதில் ஒரு பொறி உண்டு. எல்லாரும் உப்புப் போடலாம் என்று சொன்ன சமையலில், மற்றவர் போட்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள். சுவைத்துப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்த வருடம் முழுவதும் சப்பென்று போய்விடும். அப்படிப் போன வருடங்கள் எங்களுக்கும் உண்டு.

இனி மூன்றாவது. களப்பயிற்சியில், ஒடுக்கப்பட்ட சாதியினர் வாழும் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா, "தேத்தண்ணீர் ஊற்றட்டுமா பிள்ளை?" என்றார். என்னோடு வந்த மாணவி சிரித்தபடியே, "வேண்டாம் அம்மா, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன்" என்றாள். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று பஸ்ஸில் என்னிடம் அலுத்துக்கொண்டவள் அவள்தான். அந்த அம்மா கேத்திலை மெல்ல அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். எத்தனை பேரிடம் கேட்ட பதிலோ. அதன்பிறகு அவர் ஆம், இல்லை என்பதற்கு மேல் பேசவில்லை. திரும்பும் வழியில் நான் கேட்டதற்கு மாணவி நெடுநேரம் யன்னலையே பார்த்திருந்துவிட்டு, "அம்மம்மா வீட்டுப் பழக்கம் சேர், யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது" என்றாள். மாவிட்டபுரம் பற்றிய கேள்விக்கு நல்ல புள்ளி எடுத்தவள்.

களத்திலும் வில்லங்கம் இருக்கிறது. கூடப்போய்க் கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் அது சுற்றுலாதான். 2009க்குப் பின் வன்னியில் படிவம் நிரப்பியே களைத்த வீடுகளில் பயிற்சிக்கென்று மறுபடி கதவு தட்டுவதும் நியாயமில்லை. அதனால் நான் முதலில் அனுப்புவது யாழ்ப்பாணத்துக்குள்ளேதான், பிள்ளைகளின் சொந்த ஊருக்குப் பக்கத்து ஊருக்கு.

ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம் என்றால் என் வாக்கு களத்துக்கு. அதுவும் வருட இறுதியில் அல்ல, முதல் மாதத்திலேயே. சட்டமும் சரித்திரமும் பிறகு வரட்டும், தனிப் பாடத்தைப் பாதியாக வெட்டினாலும் போதும். அடுத்த பிரிவுக்கு அப்படித்தான் நேரசூசி போட்டுக் கொடுத்திருக்கிறேன். பஸ் செலவுக்குத்தான் இன்னும் கையெழுத்து விழவில்லை.