டாக்ரோலிமஸா, சைக்ளோஸ்போரினா: டி செல்லில் எது எங்கே கை வைக்கிறது?

எங்கள் வீட்டில் கிட்னி மாற்றியவர்கள் இரண்டு பேர். அத்தானுக்குப் பல வருடமாக சைக்ளோஸ்போரின், தம்பிக்கு டாக்ரோலிமஸ். உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் இவை. வீரவநல்லூர் வீட்டுத் திண்ணையில் காலை எட்டு, ராத்திரி எட்டு என்று மணி தவறாமல் போடுவார்கள். அத்தான் அட்டையைப் பிரித்தால் காட்டமான ஒரு வாடை அடிக்கும், தம்பி டீ கிளாஸைப் பிடித்தால் விரல் நடுங்கும். "ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

வேலை ஒன்றுதான். புதுக் கிட்னியை அந்நியம் என்று கண்டதும் டி செல் என்ற வெள்ளையணுவுக்குள் கால்சியம் ஏறி கால்சினியூரின் என்ற நொதி விழித்துக்கொள்ளும், அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பும், அதன்பிறகுதான் இன்டர்லூக்கின்-2 என்ற சமிக்ஞைப் புரதம் சுரந்து டி செல்கள் பெருகும். சைக்ளோஸ்போரின் சைக்ளோபிலினோடும், டாக்ரோலிமஸ் எஃப்கேபிபி-12 என்ற வேறொரு புரதத்தோடும் சேர்ந்து போய், கடைசியில் அதே கால்சினியூரினைத்தான் முடக்குகின்றன. ஆனால் டாக்ரோலிமஸுக்கு வீரியம் பல மடங்கு, அதனால்தான் தம்பிக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமில் முடிகிறது.

2007-இல் வெளியான சிம்ஃபனி ஆய்வில் கிட்னி மாற்றிய 1,645 பேரை நான்கு பிரிவாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் உடம்பு கிட்னியை ஏற்காமல் தாக்கும் ரிஜெக்‌ஷன் வந்தது, குறைந்த அளவு டாக்ரோலிமஸ் எடுத்தவர்களில் 12.3 சதவீதம், வழக்கமான அளவு சைக்ளோஸ்போரினில் 25.8. கிட்னி வேலை செய்ததும் டாக்ரோலிமஸ் பக்கம்தான் நன்றாக இருந்தது. எனக்குக் கேட்டால் புதிதாக மாற்றுகிறவருக்கு அதுதான் முதல் தேர்வு. ஆனால் சர்க்கரை வரும் வாய்ப்பு இதில் கூடுதல், அம்மா வழியில் எல்லாருக்கும் சர்க்கரை என்பதால் தம்பியை நினைத்து எனக்கு அந்தப் பயம் தீரவே இல்லை. அத்தானுக்கோ ஈறு வீங்கியது, கையில் முடி அடர்ந்தது. காப்பாற்ற வந்த கிட்னியின் ரத்தக்குழாயையே இரண்டும் சுருக்கும் என்பதுதான் ரொம்ப வேதனை.

அப்படியென்றால் சைரோலிமஸ் என்ற இன்னொரு மருந்துக்கு மாறலாமே என்பார்கள். அதுவும் எஃப்கேபிபி-12-ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் கால்சினியூரினைத் தொடாது. எம்டார் என்ற வேறொரு நொதியை நிறுத்துவதால் இன்டர்லூக்கின்-2 வந்து தட்டினாலும் செல் பெருகாது. எதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை மற்ற இரண்டைவிட இது விட்டுவைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதே ஆய்வில் அந்தப் பிரிவில் ரிஜெக்‌ஷன் 37.2 சதவீதம். ஆபரேஷன் புண்ணும் மெதுவாகத்தான் ஆறும்.

இவற்றோடு கூடவே கொடுக்கும் மைக்கோஃபீனோலேட் என்ற மருந்து டி செல்லையும், எதிர்ப்புப் புரதம் தயாரிக்கும் பி செல்லையும் பெருகவிடாது. வயிற்றுப்போக்குக்கு அதையும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், பம்பளிமாஸ் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். லெவல் பார்க்கும் நாளில் காலை மாத்திரையும் முன்னாடியே வேண்டாம். ஒரு தடவை தம்பி வழக்கம்போல விழுங்கிவிட்டு பஸ் ஏற, அளவு தாறுமாறாகக் கூடி வந்து, மறுநாள் திரும்பவும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை போகிறான், ரத்தம் கொடுத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டே இன்னொரு கையால் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறான்.