வாடைக்காத்துக்கும் மலைநாட்டுக் குளிருக்கும் ஸ்டோமா பேக்கோட உடுக்கிறது: என்ட அனுபவம்

குடல் கென்சர் ஒபரேசனுக்குப் பிறகு எனக்கு நிரந்தர கொலஸ்டமி, அதாவது பெருங்குடலின்ட நுனியை வயித்துத் தோலால வெளிய எடுத்து வச்சிருக்கு, இடப்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழ. அந்த வாய்தான் ஸ்டோமா, அதால வாற மலம் மேல ஒட்டியிருக்கிற பேக்குக்குள்ள விழும். வருசக்கணக்கா பேக்கோடதான் வேலைக்குப் போறன், மோட்டசைக்கிள் ஓடுறன், கோயிலுக்கும் போறன். வெயிலுக்கு என்ன உடுக்கிற எண்டு கேக்கிற ஆக்கள் நிறைய, குளிருக்குக் கேக்கிற ஆக்கள் குறைவு, மட்டக்களப்பில என்ன குளிர் எண்டு நினைக்கிறாங்க போல. நவம்பர்ல இருந்து ஜனவரி மட்டும் வாடையும் மழையும் சேர்ந்து அடிக்கிற நேரத்தில விடியக்காலை கல்லடிப் பாலத்தால மோட்டசைக்கிள்ல போனா தெரியும், அதுவும் ஒபரேசனுக்குப் பிறகு மெலிஞ்சு போன உடம்புக்கு அந்தக் காத்து எலும்பு வரைக்கும் போகும்.

இத்தனை காலமும் பாவிச்சுப் பார்த்ததில எனக்குப் பிடிபட்டது ஒண்டுதான். குளிருக்குப் போடுற எதுவும் தோள்ல இருந்து தொங்கணும், இடுப்பில இறுக்கக்கூடாது. குளிர் எண்டதும் உடுப்புக்கு மேல உடுப்பு போடுவம், ஒவ்வொண்டிலயும் ஒரு இலாஸ்டிக், ஒரு நாடா, ஒரு பெல்ட், எல்லாம் வந்து நிக்கிற இடம் அந்த இடுப்புத்தான். பேக் இறுகினா வாற மலம் கீழ இறங்காம ஸ்டோமாவைச் சுத்தியே தேங்கி, பேக்கைத் தோலோட ஒட்டி வச்சிருக்கிற பிளேட்டுக்கு அடியால பூந்து, ஒட்டுக் கழண்டு லீக் ஆகும். அதைவிடப் பெரிய விசயம் ஸ்டோமாவில வலி தெரியிற நரம்பு இல்லை, பெல்ட் பக்கிள் உரசிக் காயம் வந்தாலும் நமக்கு விளங்காது, பேக் மாத்துற நேரம் ரத்தத்தைக் கண்டாத்தான் தெரியும்.

அதனால என்ட லோங்ஸ் எல்லாம் இப்ப டெயிலர்ட்டக் குடுத்துத் தைக்கிறதுதான். இடுப்பு ஸ்டோமாவுக்கு மேல வாற மாதிரி உயர்த்தி, பின்பக்கம் பாதி இலாஸ்டிக், முன்னுக்கு ரெண்டு மடிப்பு வச்சா பேக் நிரம்பி வாற நேரமும் இடம் இருக்கும். பெல்ட் இல்லை, தோள்ல மாட்டுற சஸ்பெண்டர், அதுக்கு மேல சேர்ட்டை வெளிய விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. கடையில ரெடிமேட்டா எடுக்கிறதெண்டா ஒரு சைஸ் பெருசா எடுங்க.

வீட்டில சாரம்தான். மருதமுனைக் கைத்தறிச் சாரம் மாரிக்கு அவ்வளவு நல்லது, பஞ்சு நூல், கனமா இருக்கும், குளிரைத் தாங்கும். ஆனா நாம சுருட்டிச் செருகிற இடம் சரியா ஸ்டோமா இருக்கிற இடத்திலதான் வந்து அமுக்கும். நான் நெஞ்சுக்குக் கிட்ட உயர்த்திக் கட்டி, முடிச்சை வலப்பக்கம் கொண்டு போறன், பேக் உள்ளுக்குச் சும்மா தொங்கும். பழைய சாரத்துண்டில மனுசி பேக்குக்கு உறை தைச்சுத் தந்தா, வயித்துத் தோலுக்கும் பேக்குக்கும் நடுவில அந்தத் துணி நிண்டா குளிர்காலத்தில பேக் சில்லெண்டு ஒட்டாது, வெயில் காலத்தில வேர்வையையும் அது உறிஞ்சிரும். கடையில விக்கிற உறை விலை கூட, இது சும்மா.

கோயில் விசயம் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏனெண்டா இதுக்காகவே கோயிலுக்குப் போறதை விட்ட ஆக்கள் இருக்காங்க, அது எனக்குச் சரியான கவலை. மார்கழியில திருவெம்பாவைக்கு விடியுமுன்னம் போகணும், பனி, ஈரம், கால் வைக்கிற தரையே குளிரும், அதில சேர்ட்டைக் கழட்டி வெறும் மேலோட நிக்கணும். ஒட்டு வேட்டி எனக்குச் சரிவராது, அந்தப் பட்டி பேக்கை அமுக்குது. நாலு முழ வேட்டியை ஸ்டோமாவுக்கு மேல கொண்டு வந்து தளர்வாக் கட்டி, அதுக்கு மேல பருத்திச் சால்வையை ரெண்டு சுத்துச் சுத்தி இடப்பக்கம் கொஞ்சம் தொங்க விட்டா பேக்கும் மறையும், வயிறும் சூடா இருக்கும். போக முதல் பேக்கை வெறுமையாக்கிக்கொண்டு போங்க. இது அசுத்தம் எண்டு மனசில நினைச்சு ஒதுங்கி நிக்காதீங்க, எல்லார் வயித்துக்குள்ளயும் இருக்கிறதுதான் நமக்கு வெளிய இருக்கு, சாமிக்கு அது தெரியும்.

மழை எண்டா ரெயின்கோட் காற்சட்டை வேண்டாம், அதின்ட இலாஸ்டிக் மோசம். முழங்காலுக்குக் கீழ வாற நீளக் கோட் ஒண்டு காணும். நனைஞ்சு வந்தா முதல்ல பேக்கின்ட பின்பக்கத் துணியைத் துவாயால ஒத்தி எடுங்க, ஈரம் நிண்டா தோல் கடிக்கும். வாயு போற ஃபில்டர் நனைஞ்சாலும் வேலை செய்யாது, பேக் ஊதிக்கொண்டு வரும்.

மறுகா இந்த ஒட்டு. குளிருக்குள்ள பிளேட் விறைச்சுப்போய் தோலோட சரியாப் பிடிக்காது. பக்கற்றோட கக்கத்துக்குள்ள கொஞ்ச நேரம் வச்சு எடுத்து ஒட்டி, மறுகா உள்ளங்கையை மேல வச்சு மெதுவா அமத்திப் பிடிச்சா வடிவா ஒட்டும். சுடுதண்ணிப் பை, அடுப்புச் சூடு ஒண்டும் ஸ்டோமாப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், சுட்டாலும் தெரியாது. குளிருக்குத் தோல் வெடிக்குது எண்டு தேங்காண்ணை, பாம் பூசுற பழக்கம் நம்மளுக்கு இருக்குத்தானே, கை கால்ல பூசுங்க, பிளேட் ஒட்டுற இடத்தில எண்ணெய் பட்டா ஒட்டாது.

நுவரெலியா மச்சாள் வீட்டுக்கு செங்கலடி, பதுளை றோட்டாலதான் போறது. அங்க 1,868 மீற்றர் உயரம், ஜனவரி, பெப்ரவரி இரவில 10 பாகைக்குக் கீழயும் இறங்கும், நம்மட வாடைக்குளிர் அதுக்குப் பக்கத்திலயும் வராது. தலையால போடுற சுவெட்டரை விட முன்னுக்கு ஸிப் வச்ச ஜக்கெட்தான் நமக்கு நல்லம், டொய்லெட்டுக்குள்ள நடுங்கிக்கொண்டு எல்லாத்தையும் கழட்டத் தேவையில்லை, ஸிப்பை இறக்கினா பேக் கையில. உள்ளுக்கு நீளமான பருத்தி பெனியன், அதை லோங்ஸுக்குள்ள செருகாம பேக்குக்கு மேல விட்டுடுங்க. வேன்ல சீட் பெல்ட்டின்ட இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில பதிவா வரட்டும், ஸ்டோமாவுக்கு மேலால போகக்கூடாது. தடிச்ச உடுப்புக்குள்ள ஒரு நன்மை, பேக் தெரியாது, சத்தமும் வெளிய கேக்காது, சனத்துக்குள்ள நிம்மதியா இருக்கலாம். ஆனா பேக் நிரம்புறதும் அப்பிடியே தெரியாமப் போகும், அதால இடைக்கிட வெளியால கை வச்சுப் பாருங்க, மூண்டில ஒரு பங்கு வந்தா வெறுமையாக்கிறது நல்லம்.

குளிருக்குத் தண்ணித் தாகம் குறையும். நம்மளப்போல கொலஸ்டமி ஆக்களுக்கு மலம் இறுகும், சிறுகுடலை வெளிய எடுத்து வச்ச இலியோஸ்டமி ஆக்களுக்கு உடம்பில தண்ணியும் உப்பும் வேகமாக் குறையும், அது அவங்களுக்கு ஆபத்து, தாகம் இல்லாட்டியும் குடிக்கணும். நான் இளஞ்சூட்டுத் தண்ணியை ஃபிளாஸ்க்ல கொண்டு போறன். ஸ்டோமா அளவுக்கு வெட்டி ரெடியா வச்ச பிளேட், பேக், துணி, ஒரு மாத்துச் சாரம் எல்லாம் கைப்பையில, வேன் டிக்கியில போடுறதில்லை, அங்க கிடந்து பிளேட் குளிர்ந்து விறைச்சுப் போகும்.