தமிழ் வாயில் நிற்கும் கிறிஸ்துமஸ் புத்தகம் எது?

எங்கள் வீட்டில் வாசலில் நட்சத்திரம் கட்டிய அன்று ராத்திரியே வாசிப்பும் தொடங்கிவிடும். கேட்க உட்காருவது மூன்று பேர்: நான்கு வயதில் என் மகன், ஆறிலும் ஒன்பதிலும் அண்ணனின் பெண் பிள்ளைகள். புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், என் வாயிலிருந்து வருவது தமிழாக இருக்கும். பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் தமிழில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதனால் ஒரு கிறிஸ்துமஸ் படப்புத்தகத்தைக் கையில் எடுத்தால், படம் அழகா, பரிசு வாங்கியதா என்பதற்கெல்லாம் முன்னால் அது தமிழ் வாயில் நிற்குமா என்றுதான் பார்க்கிறேன். கடையிலேயே இரண்டு பக்கம் முணுமுணுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தச் சோதனையில் தடுக்கி விழுவது, எல்லோரும் முதலில் வாங்குகிற புத்தகம்தான். டாக்டர் சூஸ் 1957இல் எழுதிய 'ஹவ் த கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்'. கதை அருமையானது. ஊரில் ஒரு வீடு விடாமல் பண்டிகைப் பொருள்களைக் கிரிஞ்ச் அள்ளிக்கொண்டு போகிறான். விடிந்ததும் அந்த ஊர் ஜனங்கள் ஒன்றுமே நடக்காததுபோலக் கைகோத்து நின்று பாடுகிறார்கள். ஆனால் அதன் உயிர் முழுக்கத் தாளத்தில் இருக்கிறது. 'ஃபீஸ்ட்' என்ற சொல்லோடு ஒலி சேர வேண்டும் என்பதற்காகவே 'ரோஸ்ட் பீஸ்ட்' என்று ஒரு பலகாரம் வருகிறது. அதை 'வறுத்த விலங்கு' என்று தமிழில் சொன்னால் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கிறார்கள். இதற்கு நான் கண்ட வழி, ஆங்கிலத்திலேயே முழுவதும் வாசித்துவிடுவதுதான். பாதி புரியாவிட்டாலும் மூன்று பேரும் தொடையில் தாளம் போட்டுக் கேட்கிறார்கள். கிரிஞ்ச் ஏன் பச்சையாக இல்லை என்று கட்டாயம் கேட்பார்கள். புத்தகம் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, அதன் சாயலில் ரோஸ், அவ்வளவுதான். பச்சை நிறம் 1966இல் வந்த தொலைக்காட்சிப் படத்தோடு வந்தது.

ஜூலியா டொனால்ட்சன் எழுதி ஆக்சல் ஷெஃப்லர் படம் வரைந்த 'ஸ்டிக் மேன்' (2008) அதே மாதிரிப் பாட்டு நடையில் ஓடும் கதைதான். ஆனால் தமிழுக்கு மாற்றினாலும் இது தாங்குகிறது. குடும்பத்தோடு மரத்தில் வாழும் குச்சி மனிதன் காலையில் ஓட்டப்பயிற்சிக்கு வெளியே போகிறான். நாய் அவனைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, அன்னம் கூட்டில் செருகுகிறது, மணல் கோட்டைக்குக் கொடிக்கம்பமாகிறான், பனிப்பொம்மைக்குக் கையாகிறான், கடைசியில் அடுப்புக்குள் போகப் பார்க்கிறான். ஒவ்வொரு முறையும் "நான் குச்சி மனிதன்!" என்று அவன் கத்த வேண்டும். எங்கள் வீட்டில் அதைக் கத்துவது பிள்ளைகளின் வேலை. ஒலிநயம் போனாலும் அந்தக் கத்தல் மிஞ்சுகிறது, நான்கு வயதுக்கு அது போதும். குறை என்றால், கிறிஸ்துமஸ் கடைசிச் சில பக்கங்களில்தான் வருகிறது. அங்கே தாத்தா புகைபோக்கியில் மாட்டிக்கொள்கிறார். எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா கேரல் ரவுண்ட்ஸ் கூட்டத்தோடு டிரம் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு வந்து, வாசலில் நின்று மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார். "அவரு ஏன் அத்தை வாசல் வழியா வரல?" என்று ஆறு வயதுக்காரி கேட்டாள். அந்த ஊர் வீடுகளில் குளிருக்காக உள்ளேயே நெருப்பு மூட்டுவார்கள், அதன் புகை போகிற வழி அது என்று படத்தைக் காட்டிச் சொன்னேன்.

அடுத்த இரண்டுக்கும் இடையில்தான் எனக்கு உண்மையான போட்டி. ஒன்று ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978), மற்றது கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க்கின் 'தி போலார் எக்ஸ்பிரஸ்' (1985).

'தி ஸ்னோமே'னில் ஒரு சொல்கூடக் கிடையாது. சின்னச் சின்னக் கட்டங்களில் கலர் பென்சில் படங்கள் மட்டும். பையன் செய்த பனிமனிதன் ராத்திரி உயிர் பெற்று வீட்டுக்குள் வருகிறான், பிறகு இருவரும் பறக்கிறார்கள். இதை வாசித்துக் காட்ட முடியாதே என்று தோன்றும். தமிழ் பேசும் வீட்டுக்கு இதைவிடச் சௌகரியமான புத்தகம் இல்லை என்பேன். மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை, பிள்ளைகள் நேராகத் தமிழிலேயே கதை சொல்லத் தொடங்குகிறார்கள். பனிமனிதன் சில்லென்ற இடம் தேடி ஃப்ரீஸருக்குள் படுக்கிற பக்கத்தில் என் மகன் சொல்கிற வசனம் ஒவ்வொரு ராத்திரியும் மாறும். ஒரு விஷயம் மட்டும் வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டும்: புத்தகத்தில் கிறிஸ்துமஸே இல்லை. தாத்தாவைப் பார்க்கப் போகிற பகுதி 1982இல் வந்த கார்ட்டூன் படத்துக்காகச் சேர்த்தது. முடிவும் அப்படியே உருகிப்போவதுதான். தொப்பியும் கழுத்துத்துண்டும் கிடக்கும் அந்தக் கடைசிப் பக்கத்தை அவசரமாகத் திருப்பாதீர்கள். "செத்துட்டானா?" என்று கேட்டால் ஆமாம், உருகிவிட்டான் என்றே சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அன்று கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கச் சொன்னார்கள்.

'போலார் எக்ஸ்பிரஸ்' நேர் எதிர். இதில் எழுத்து இருக்கிறது, நல்ல உரைநடை. வளர்ந்துவிட்ட ஒருவர் தன் சிறுவயது ராத்திரி ஒன்றை நினைத்துச் சொல்வதுபோல் நிதானமாகப் போகிறது. பாட்டு நடை இல்லை என்பதால் வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் இறங்குகிறது. குரலைத் தாழ்த்தி வாசித்தால் போதும், இருட்டான அந்தப் படங்கள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். 1986இல் அமெரிக்காவின் கால்டெகாட் பதக்கம் அந்தப் படங்களுக்குக் கிடைத்தது. வடதுருவம் போகும் ரயிலில் ஏறிய பையனுக்குப் பரிசாக ஒரு வெள்ளி மணி கிடைக்கிறது. அதன் ஓசை அவனுக்கும் தங்கைக்கும் கேட்கிறது, அம்மா அப்பாவுக்குக் கேட்பதில்லை. வருடங்கள் போகப் போகத் தங்கைக்கும் கேட்காமல் போகிறது. ஒன்பது வயதுக்காரி இந்த இடத்தில் என் முகத்தைத்தான் பார்த்தாள். தாத்தா வேஷத்துக்குள் இருப்பது யார் என்று கண்டுபிடித்துவிட்ட வயது அது. நான்கு வயதுக்கு இந்தப் புத்தகம் வேண்டாம், பாதியில் தூங்கிவிடுவான். ஏழுக்கு மேல் என்றால் ஸ்னோமேனைவிட இதையே எடுப்பேன்.

'தி ஜாலி கிறிஸ்துமஸ் போஸ்ட்மேன்' புத்தகத்தில் உறைகளுக்குள் நிஜமான கடிதங்களும் விளையாட்டுகளும் இருக்கும். மடியில் ஒரே ஒரு பிள்ளை என்றால் சரி. மூன்று பேர் நடுவில் வைத்தால் சண்டைதான்.

பனியும் புகைபோக்கியும் போதும் என்று தோன்றினால் கேரி சோட்டோ எழுதி எட் மார்ட்டினெஸ் படம் வரைந்த 'டூ மெனி தமாலேஸ்' (1993) இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். மாவு பிசையும்போது அம்மாவின் வைர மோதிரத்தை ஆசைக்குப் போட்டுப் பார்க்கிறாள் மரியா. அப்புறம் மோதிரம் பலகாரத்துக்குள் போய்விட்டது என்று பயந்து, வந்திருந்த பிள்ளைகளைக் கூட்டி வைத்து 24 தமாலேவையும் தின்று தீர்க்கிறாள். உள்ளே பூரணம் வைத்து இலையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது என்பதால் நான் கொழுக்கட்டை என்றே சொல்லிவிட்டேன், ஒருவரும் மறுப்பு சொல்லவில்லை. முறுக்கும் அதிரசமும் சுட உறவெல்லாம் கூடுகிற வீட்டில் இந்தக் கதைக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது. இவ்வளவு பேர் ஏன் இதைத் தேடிப் போவதில்லை என்று எனக்கு வருத்தம்தான்.

24ஆம் தேதி ராத்திரி தொடங்குவதற்கென்று வேறொன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். சூசன் வொய்ச்செகோவ்ஸ்கி எழுதி பி.ஜே. லிஞ்ச் படம் வரைந்த 'தி கிறிஸ்துமஸ் மிராக்கிள் ஆஃப் ஜானதன் டூமி' (1995). நீளமான கதை. ஒரே மூச்சில் வாசிக்க முடியாது, விடிவதற்கு முன்னால் ஆராதனைக்கு எழுந்திருக்க வேண்டியிருப்பதால் இரண்டு ராத்திரியாகப் பிரித்துக்கொள்கிறோம். மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து யாரோடும் பேசாமல் இருக்கும் ஒரு தச்சரிடம், ஒரு விதவைத் தாய் தொலைந்துபோன குடில் சிலைகளைப் புதிதாகச் செதுக்கித் தரச் சொல்கிறாள். அவர் செதுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அவளுடைய மகன், தன் பழைய ஆடுகள் சந்தோஷமாக இருந்தன, குழந்தை இயேசுவோடு இருப்பது அவற்றுக்குத் தெரியும் என்கிறான்.

அந்தப் பக்கத்தோடு நிறுத்தினேன். ஆறு வயதுக்காரி எழுந்து போய் எங்கள் குடிலிலிருந்து ஒரு ஆட்டை எடுத்து அதன் முகத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "இது சிரிக்கவே இல்லையே அத்தை" என்றாள். மாட்டுக்குப் பின்னால் இருந்த அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தாள்.