இமயத்துப் பனியா, பொதிகைக் காடா?

மலைமேல் பனி இருந்தால்தான் ஆறு வற்றாது என்று பாபநாசம் படித்துறையில் ஒருத்தர் அடித்துச் சொன்னார், அதுவும் தாமிரபரணியில் காலை நனைத்துக்கொண்டே.

வெயில் பட்டதும் பனியிலிருந்து தண்ணீர் ஓடிவராது. முதலில் அடுக்கு முழுவதும் 0 டிகிரிக்கு வரணும், அப்புறம் பனிமணிகளின் இடுக்குகள் பிடிக்கிற ஈரத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மிச்சம் இறங்கும். அதுவும் சீராக இல்லை: காய்ந்த தேரி மணலில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி ஓரத்தை வெட்டிப் பார்த்தால், பல நேரம் விரல் விரலாக ஈரம் இறங்கியிருக்கும், பக்கத்து மணல் காய்ந்தே கிடக்கும். பனியிலும் அதே கதைதான். நடுவில் பனிக்கட்டித் தகடு இருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஓடி, ஓட்டை கிடைத்த இடத்தில் இறங்கும். மதியம் உருகியது ஓடைக்கு வரச் சாயங்காலமோ ராத்திரியோ ஆகிவிடும்.

தாமிரபரணி பிறக்கிற பொதிகையில் உருக ஒன்றும் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையையும் சோலைக்காட்டு மண்ணும் புல்வெளியும் குடித்து, மெல்லக் கசியவிடுகின்றன.

வருஷத்துக்கு இரண்டு தடவை நிரம்புவதால் எனக்குக் காடுதான் ஒசத்தி. ஆனால் ஒன்று, இமயத்தில் வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். இங்கே சித்திரையில் ஆறு மெலிந்து பாறை தெரியும்.