தனியாகக் கோ கற்க ஒரு தளம்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓஜிஎஸ் பற்றி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோ ஆடத் தெரிந்த ஒருவரை நான் இதுவரை நேரில் சந்தித்ததில்லை. கோப்பிக்கடைகளில் சீனச் சதுரங்கம் ஆடும் பெரியவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் சதுரங்கம் உண்டு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் கறுப்பும் வெள்ளையுமான காய்களை வைத்து ஆடும் இந்த ஆட்டத்திற்கு மட்டும் துணை கிடைக்கவில்லை. ஆனாலும் தோட்ட அலுவலகத்தில் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் வந்த 3 ஆண்டுகளில் ஏறத்தாழ 400 ஆட்டங்களை ஆடி முடித்திருக்கிறேன். அதற்கு வழி செய்த ஆன்லைன் கோ சர்வர், சுருக்கமாக ஓஜிஎஸ், என்னும் தளத்தைப் பற்றி, என்னைப் போல் தனியாகக் கற்க விரும்பும் தமிழர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கோ நமக்கு அந்நியமான ஆட்டம் என்று எண்ண வேண்டியதில்லை. என் பாட்டி லயத்து வாசலில் கரிக்கட்டையால் கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் கற்றுக் கொடுத்தார். 3 புலிகள், 15 ஆடுகள். தாண்டி வெட்டும் வல்லமை புலிக்கு இருந்தாலும், ஆடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நின்று நகர இடமில்லாமல் அடைத்துவிட்டால் புலி தோற்றது. கோ ஆட்டத்தில் வைத்த காய் நகராது. அதை ஒட்டிக் கோட்டின் வழியே இருக்கும் காலிப் புள்ளிகளே அதன் மூச்சு. சீனர்களும் இதை மூச்சு என்று பொருள்படும் சொல்லாலேயே வழங்குகிறார்கள். எல்லா மூச்சும் அடைபட்ட காயும் அதனோடு இணைந்த காய்களும் பலகையிலிருந்து எடுக்கப்படும். ஒரே நிலை உடனே திரும்ப வராமல் தடுக்கும் விதி ஒன்றையும், யார் எவ்வளவு இடத்தை வளைத்தார்கள் என்று இறுதியில் எண்ணும் முறையையும் சேர்த்துக்கொண்டால் விதிகள் அநேகமாக முடிந்துவிட்டன. ஓஜிஎஸ் தளத்தில் உள்ள தொடக்கப் பாடங்கள் இவற்றைப் படிப்படியாக, நாமே காய் வைத்துப் பார்க்கும்படி சொல்லித் தருகின்றன. எனக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது.

தளத்தில் பதிவு செய்ய கட்டணம் இல்லை. தனியாகச் செயலி எதையும் இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் உலாவியிலேயே ஆடலாம். முழுப் பலகை 19 கோடுகளும் 361 புள்ளிகளும் கொண்டது. 13 கோட்டுப் பலகையும் 9 கோட்டுப் பலகையும் உண்டு. புதியவர்கள் 81 புள்ளிகள் மட்டுமே உள்ள 9 கோட்டுப் பலகையில் முதல் 50 ஆட்டங்களையாவது ஆட வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். அதில் ஒரு பிழையின் விலை ஐந்தாறு காய்களுக்குள் தெரிந்துவிடும். பெரிய பலகையில் எங்கே தோற்றோம் என்பதே தெரியாமல் தோற்போம்.

இத்தளத்தின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது, ஒரு காய்க்கு ஒன்றிரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டு மெதுவாக ஆடும் வசதியைத்தான். ஐரோப்பாவில் இரவு 8 மணி என்றால் நமக்கு அதிகாலை 2 அல்லது 3 மணி. அந்த நேரத்தில் விழித்திருந்து நேரடி ஆட்டம் ஆடுவது இந்த வயதில் இயலாது. மேலும், தோட்டத்து எல்லையில் இருக்கும் என் வீட்டில் மழை இறங்கினால் இணையத் தொடர்பு அறுந்துவிடும். முன்பு நான் முயன்ற வேறொரு சேவையில் நேரடி ஆட்டங்கள் மட்டுமே கைகொடுத்தன. வெற்றி நெருங்கிய நான்கு ஆட்டங்களைத் தொடர்பு அறுந்ததால் மட்டுமே இழந்து, ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்ற மனநிலைக்கு வந்திருந்தேன். மெதுவான ஆட்டத்தில் அந்தக் கவலை இல்லை. காலையில் பசியாறும்போது ஒரு காய், அந்தி விளக்கேற்றிய பின் ஒரு காய் என்று ஐந்து ஆட்டங்களை ஒரே சமயத்தில் நடத்தலாம். எதிராளி இன்ன இடத்தில் வைத்தால் நான் இன்ன இடத்தில் வைப்பேன் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதியும் இருப்பதால், தவிர்க்க முடியாத தொடர்கள் நாள்கணக்கில் இழுபடுவதில்லை.

ஆனால் வசதிகள் மட்டும் ஒருவரை ஆட்டக்காரராக ஆக்கிவிடாது. எனக்குக் கற்றுத் தந்தவர்கள் அங்கே ஆட வந்த மனிதர்கள். ஓர் அனுபவத்தை விரிவாகவே சொல்கிறேன்.

ஏணி என்று அழைக்கப்படும் நிலை ஒன்று கோ ஆட்டத்தில் அடிக்கடி வரும். ஒரே மூச்சு மிஞ்சிய காயைக் காப்பாற்ற அதன் பக்கத்தில் இன்னொன்று வைத்தால் இரண்டு மூச்சாகும். எதிராளி ஒன்றை அடைப்பார். மறுபடி ஒன்று வைப்போம். அவர் மறுபக்கம் அடைப்பார். பால்மரத்தில் சாய்வாகக் கீறிய வெட்டின் வழியே பால் நேராக மங்கில் போய் விழுவது போல, ஓடும் காய்கள் பலகையின் ஓரத்தை நோக்கிக் குறுக்காக இழுத்துச் செல்லப்படும். ஓரம் வந்ததும் மூச்சு நின்றுவிடும். 19 கோட்டுப் பலகையில் நான் ஆடிய மூன்றாவது ஆட்டத்தில், ஒவ்வொரு முறையும் இரண்டு மூச்சு கிடைக்கிறதே என்ற நம்பிக்கையில் ஓடி ஓடி 17 காய்களை மொத்தமாக இழந்தேன். எதிராளி ஃபின்லாந்தைச் சேர்ந்தவர். கோ தரவரிசையில் தொடக்கக்காரர் 30 கியூ என்ற அடிநிலையிலிருந்து 1 கியூவுக்கு ஏறி, அதன்பின் டான் நிலைகளுக்குப் போக வேண்டும். அவர் 3 டான். நான் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு, ஆட்டத்தைச் சேர்ந்து ஆராய்வோமா என்று கேட்டார்.

அந்த ஆய்வுப் பலகை இருவர் திரையிலும் ஒரே நேரத்தில் தெரிவது. அவர் ஏணி தொடங்கிய இடத்திற்கு ஆட்டத்தைப் பின்னோக்கி நகர்த்தினார். பிறகு என் நிறக் காய் ஒன்றை எதிர்மூலையில், ஏணி போகும் குறுக்கு வழியில் வைத்துவிட்டு, அதே ஓட்டத்தை மீண்டும் ஓடச் சொன்னார். நான் ஓடினேன். என் காய்கள் அந்த ஒற்றைக் காயோடு போய் இணைந்தபோது மூச்சு பெருகியது. துரத்தி வந்த அவருடைய காய்களே அங்கங்கே பிளவுபட்டு நின்றன. ஓடுவதற்கு முன் எதிர்மூலையைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எழுதினார். முழுப் பலகையும் ஒன்றோடொன்று தொடர்புடையது என்ற செய்தியை அதற்குமுன் பலமுறை படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அது எனக்கு விளங்கியது. முன்பின் அறியாத ஒருவருக்காக அவர் முக்கால் மணி நேரம் செலவிட்டார். இத்தகையவர்கள் அங்கே அரிதானவர்கள் அல்லர். நாம் பணிவாகக் கேட்க வேண்டும், அவ்வளவே. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். பள்ளியில் படித்த ஆங்கிலம் போதும்.

ஆட்டம் முடிந்ததும் கணினி ஆய்வும் கிடைக்கிறது. 2016 மார்ச்சில் ஆல்பாகோ என்ற நிரல் தென்கொரியாவின் முன்னணிக் கோ ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்ற கணக்கில் வென்ற செய்தியைப் பத்திரிகையில் படித்துத்தான் இப்படி ஓர் ஆட்டம் இருப்பதையே நான் அறிந்தேன். ஆல்பாகோ கையாண்ட முறைகளின் வழியில் டேவிட் வூ உருவாக்கி, 2019இல் யாவரும் பயன்படுத்தும்படி வெளியிட்ட காத்தாகோ என்ற நிரல்தான் ஓஜிஎஸ் ஆட்டங்களை ஆராய்கிறது. கட்டணம் செலுத்தாதவர்களுக்குச் சுருக்கமான ஆய்வும், நன்கொடை தரும் ஆதரவாளர்களுக்கு விரிவான ஆய்வும் தரப்படுகின்றன. எந்தக் காயில் ஆட்டம் திரும்பியது என்பதை இது துல்லியமாகக் காட்டும். ஏன் என்று சொல்லாது. ஆகவே 20 கியூவுக்குக் கீழே இருப்பவர்கள் கணினியின் பரிந்துரைகளை மனப்பாடம் செய்வதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. முதலில் ஒரு மனிதரிடம் கேளுங்கள்; கணினியை அதன்பின் திறவுங்கள். ஆட்டம் நடக்கும்போது கணினியின் உதவியை நாடுவது தளத்தின் விதிகளுக்குப் புறம்பானது என்பதையும் பிள்ளைகளுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

குறைகளும் உண்டு. மெதுவான ஆட்டத்தில், நாம் நன்றாக வைத்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி காணாமற்போய் நேரம் கடந்து தோற்பது அடிக்கடி நேர்கிறது. அது வெற்றியாகப் பதிவானாலும் மனத்துக்கு நிறைவு தருவதில்லை. இருவரும் காய் வைக்காமல் விட்டபின் எந்தக் காய்கள் செத்தவை, அதாவது இனிப் பிழைக்க வழியில்லாதவை, என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தளம் தானாகக் குறித்துக் காட்டுவதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொரு கூட்டத்தையும் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். சிறிய கைத்தொலைபேசித் திரையில் 361 புள்ளிகளில் ஒன்றை விரலால் சரியாகத் தொடுவதும் கடினம்; காய் வைத்தபின் உறுதி செய்யும் பொத்தானை அமைப்பில் இயக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

பாசிர் கூடாங்கில் வேலை செய்யும் என் தங்கை மகனுக்கும் சென்ற தீபாவளிக்கு வந்தபோது கற்றுக் கொடுத்தேன். இப்போது அவனும் நானும் 13 கோட்டுப் பலகையில் ஓயாமல் ஓர் ஆட்டம் வைத்திருக்கிறோம். சென்ற வாரம் வலப்பக்கத்தில் என் காயை ஏணியில் துரத்தத் தொடங்கியவன், இரண்டு காய்களுக்குப் பின் நிறுத்திவிட்டு, "மாமா, அந்த மூலையில உங்க காய் இருக்கு, நான் பாத்துட்டேன்" என்று எழுதியிருந்தான்.