ஜங்ஷன் காயில் கம்பிக் கடை: கம்பி வாங்கப் போனால் அந்த நோட்டையும் திறந்து பாருங்கள்

சேரன்மகாதேவியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில். அதில் பெரும்பகுதி கம்பி வாங்கியது ஒரே கடையில்தான். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து மீனாட்சிபுரம் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாது. பட்டறைக்காரர் யாரைக் கேட்டாலும் அண்ணாச்சி கம்பிக் கடை என்று கை காட்டுவார்கள். புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் அடிக்கடி இந்தக் கடையைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்வதை விட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கம்பி. காயில் கம்பியில் ஏமாற்றுவது ரொம்ப எளிது, மேலே பூசியிருக்கிற எனாமலுக்கு உள்ளே செம்பு எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கேஜ் என்பது கம்பியின் தடிமன் எண், எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 22 கேஜ் என்றால் எனாமல் போக வெறும் செம்பு 0.711 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஓர் அவசரத்தில் வேறொரு கடையில் வாங்கினேன். கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவு. களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்து 5 எச்.பி. மோட்டாருக்கு அதைப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். பதினோராம் நாள் எரிந்து திரும்பி வந்தது. சுற்று எண்ணிக்கை சரி, காயிலுக்கு அடியில் வைக்கிற பேப்பர் சரி, வார்னிஷ் நன்றாக இறங்கியிருக்கிறது. என்ன தப்பு என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

மிச்சக் கம்பியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு சாண் நீளம் வெட்டி, தீக்குச்சி கிழித்து எனாமலைக் கருக்கி, துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்துத் திருகினார். "நீரே பாரும்வே" என்று என் கையில் கொடுத்தார். 0.67 காட்டியது. பார்க்கப்போனால் மயிரிழைதான். குறுக்குவெட்டைக் கணக்குப் பண்ணினால் நூற்றுக்குப் பதினோரு பங்கு செம்பு குறைவு. குலை தள்ளுகிற நேரத்தில் நாலு நாள் தண்ணீர் பாயாமல் அந்தத் தோட்டம் கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்காது. என் செலவிலேயே திரும்பக் கட்டிக் கொடுத்தேன்.

அண்ணாச்சி கடையில் அந்த மைக்ரோமீட்டர் எப்போதும் மேஜை மேலேயே கிடக்கும். எந்தச் சுருளையும் யாரும் அளந்து பார்த்து வாங்கலாம், முகம் சுளிக்க மாட்டார். உருளையின் எடையைக் கழித்துவிட்டுத்தான் விலை போடுவார். விலை ஊரிலேயே குறைவு என்று சொல்ல மாட்டேன். லெதராய்டு பேப்பர், ஸ்லீவ், நாடா, மூங்கில் குச்சி, கெப்பாசிட்டர், 6204, 6205 பேரிங் எல்லாம் நம்பி வாங்கலாம். குறை என்றால் இரண்டு. பங்குனி, சித்திரையில் போர்வெல் சப்மெர்சிபிளுக்குப் போடுகிற பாலி கம்பி தட்டுப்பாடாகிவிடும், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பி.எல்.டி.சி. பேன், அதாவது உள்ளே காந்தமும் எலக்ட்ரானிக் போர்டும் உள்ள புது மாதிரி மின்விசிறி, அதற்குப் போர்டு வைப்பதில்லை, கேட்டால் அடுத்த மாசம் என்பார். மத்தியானம் ஒன்றரைக்குக் கடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பு. ஜிபே உண்டு. வண்டி நிறுத்த இடம் கிடையாது.

சரி, இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

கடைக்குள் இடது பக்கச் சுவரோரம் ஒரு நீள பெஞ்சு கிடக்கிறது. அதற்கு மேலே ஆணியில் ஒரு பேனா நூலில் கட்டித் தொங்கும். பலகையில் நாலு நீள நோட்டுகள், மாட்டுத்தாள் அட்டை போட்டது. எந்தப் பட்டறைக்காரரும் தான் கட்டிய மோட்டாரின் டேட்டாவை அதில் எழுதலாம்: எச்.பி., ஸ்லாட் (காயில் இறங்குகிற காடி) எத்தனை, கோர் (காடி வெட்டிய இரும்பு) நீளம், உள் விட்டம், கேஜ், சுற்று, பிட்ச் (ஒரு காயில் எத்தனை ஸ்லாட் தள்ளி விழுகிறது என்பது). யாரும் பார்த்து எழுதிக்கொண்டும் போகலாம். இதற்குக் காசு கிடையாது, கம்பி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

இதன் அருமை தொழில் செய்கிறவனுக்குத்தான் தெரியும். நம்மிடம் வருகிற பாதி மோட்டார் பெயர்த்தகடே இல்லாத உள்ளூர் அசெம்பிளி. அதிலும் முன்னால் இரண்டு பேர் கட்டியிருப்பார்கள். எரிந்த காயிலைப் பிரித்துச் சுற்றை எண்ணினால், அந்த எண்ணிக்கையே தப்பாக இருக்கும். கோர் நீளம் கூடினால் சுற்று குறைய வேண்டும், அரை இஞ்ச் மாறினாலும் வேறு மோட்டாரின் கணக்கு செல்லாது. அந்த மாதிரி நேரத்தில், இதே அளவுக் கோரை ஏற்கெனவே கட்டி ஓட்டிப் பார்த்த ஒருவரின் கையெழுத்து நமக்கு வேண்டும்.

இரண்டாம் நோட்டில் ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம். 5 எச்.பி., 36 ஸ்லாட், த்ரீ பேஸ். கீழே ஒருவர் நீல மையில் எழுதியிருக்கிறார்: "கிணறு லைன் கடைசி. பகலில் 340 வோல்ட்தான் வருது. ஸ்லாட்டுக்கு 3 சுத்து குறைச்சுப் போட்டேன், இழுக்குது." அதற்குக் கீழே கறுப்பு மை: "ராத்திரி 440 வருமே, சூடு பாத்தீரா?" அதற்கும் கீழே மறுபடி நீலம்: "பாத்தேன். ஒரு மணி நேரம் ஓடின பிறகும் பாடியில் கை வைக்க முடியுது." பென்சிலில் மூன்றாவது ஆள்: "மூணு அதிகம். ரெண்டு போதும். மூலைக்கரைப்பட்டியில் ரெண்டு குறைச்சு ஓட்டுறேன்." லைன் கடைசி என்றால் கரண்ட் லைன் முடிகிற இடம், அங்கே வோல்டேஜ் இறங்கித்தான் வரும். சுற்றைக் குறைத்தால் இழுவை கூடும், அதே மோட்டார் முழு வோல்டேஜில் கொதிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நம்ம ஊர் லைனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நாலு வரியில் மூன்று பேர் அதைத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். நான் இன்றைக்கும் லைன் கடைசி என்று யாராவது வந்தால் இரண்டு சுற்றுதான் குறைக்கிறேன்.

19 கேஜ் கிடைக்காவிட்டால் 22 கேஜ் இரட்டையாகப் போடலாம் என்பதையும் அந்த பெஞ்சில்தான் கற்றேன். எனக்கு அதைச் சொன்னவர் முக்கூடல் பெரியவர் ஒருவர். பச்சை மையில், கோடு போட்ட மாதிரி எழுதுவார். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. முதல் நோட்டைத் திருப்பினால் அவர் எழுத்து வந்துகொண்டே இருக்கும்.

ஒரு காலத்தில் சீசன் நேரத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு பக்கம் நிறையும். ஆட்கள் எழுதக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இப்போது நாலாவது நோட்டில் விரிந்து கிடக்கிற பக்கம் தை மாசம் ஆரம்பித்தது. நான் போன வாரம் பார்க்கும்போது பாதி காலி. பெஞ்சில் கம்பிச் சுருள்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், உட்கார ஆள் இல்லை.

அண்ணாச்சியிடம் கேட்டேன். "யாரும் வாறதில்லய்யா. போனு பண்ணுதான், பஸ்ஸுல போட்டுவிடுங்கான். நான் போட்டுவிடுதேன்" என்றார். உண்மைதான். நானே இரண்டு வருஷம் அப்படித்தான் வாங்கினேன். இருபது கிலோமீட்டர் வருவதற்குச் சோம்பல், வேலை நெருக்கடி. கம்பி வந்து சேர்ந்துவிட்டது. அந்த இரண்டு வருஷத்தில் நான் நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை, யார் எழுதியதையும் படிக்கவில்லை.

இளவட்டங்கள் வீடியோ பார்த்துக் கற்கிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். காயில் இறக்குவது, முடிச்சுப் போடுவது எல்லாம் கண்ணால் பார்த்தால் சீக்கிரம் வரும். ஆனால் வீடியோக்காரர் கையில் இருப்பது அவருடைய மோட்டார். மானூர்க் கிணற்றில் பகல் 340 வோல்ட் என்று அவருக்கு யார் சொல்வது? இன்னும் சில பேர் டேட்டாவை எழுதினால் பக்கத்துப் பட்டறைக்கு வேலை போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்கும் முதலில் இருந்தது. நோட்டில் எழுத ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷத்தில் என் வேலை அப்படி எங்கேயும் போகவில்லை. என் டேட்டாவை வைத்துக் கட்டிய ஒரு தம்பி, தன்னால் முடியாத 15 எச்.பி. வேலையை என்னிடம்தான் அனுப்பினார்.

அந்த பெஞ்சு கடைசியாக நிரம்பி வழிந்தது 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது அல்லவா, இந்தச் சந்திலும் இடுப்பளவு. அண்ணாச்சி மேல் தட்டுக்கு முதலில் ஏற்றியது நோட்டுகளைத்தானாம். "கம்பி நனஞ்சா காஞ்சிரும்" என்றார். வடிந்த மறு வாரம் நாங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட வந்தார்கள். ஒவ்வொருவர் பட்டறையிலும் மூழ்கிய மோட்டார் மலை மாதிரி குவிந்திருந்தது.

எல்லாவற்றிலும் பழைய காயிலை எரித்து எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, காப்பாற்றுவதா? அன்றைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க அதுதான் பேச்சு. காய வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவர் உடனே மறுத்தார். வண்டல் உள்ளே இருக்கும்போது காய வைத்தால் அது காயிலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், முதலில் நல்ல தண்ணீரில் அலசி எடுங்கள் என்றார். அதற்குப் பிறகு ஸ்டேட்டருக்குள் (காயில் இருக்கிற, சுழலாத பாகம்) 200 வாட் குண்டு பல்பு எரியவிட்டு இரண்டு நாள், கரண்ட் கசிகிறதா என்று காட்டுகிற 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்து, மெகா ஓம் ஏறினால் வார்னிஷ், பேரிங்கை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று. இதை நோட்டில் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம். என் பட்டறையில் இருந்ததில் பாதிக்கு மேல் திரும்பக் கட்டாமலே ஓடியது. ஊரே நஷ்டத்தில் இருந்த நேரம், அந்த வீட்டுக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காசு!

அந்த வாரத்துக்குப் பிறகு மறுபடி எல்லோரும் அவரவர் பட்டறைக்குள் போய்விட்டோம்.

கம்பிக்கு ஐந்துக்கு ஐந்து தருவேன். சரக்கு இருப்புக்கு மூன்று. கடையே எதற்காக முக்கியம் என்று கேட்டால் அந்த நோட்டுக்காகத்தான், அதற்கு மார்க் போட எனக்கு மனசு வரவில்லை. மாசத்துக்கு ஒரு தடவையாவது பஸ்ஸில் போடச் சொல்லாமல் நேரில் போங்கள். சுருள்களைத் தள்ளி வைக்கச் சொன்னால் அண்ணாச்சி சந்தோஷமாகத் தள்ளி வைப்பார், டீயும் சொல்வார்.

நான் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அங்கே போகிறேன். போன வெள்ளிக்கிழமை நாலாவது நோட்டில் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். பி.எல்.டி.சி. பேன், போர்டு புதிது, மூன்று காயிலிலும் ஓம்ஸ் சமம், காந்தம் பிடிமானம் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறது. சேரன்மகாதேவி என்று போட்டுக் கீழே நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் எழுதுங்கள்.